அச்சுக்கலையில் மரபும் ஆக்கமும்: வில்லியம் மொறிஸின் அச்சகம் பற்றிய ஒரு நோக்கு

இணையத்தளப் பக்கமொன்றை வடிவமைக்க முற்படும் மாணவர் முற்காலக் கலைப்பாணிகளை நாடிச் செல்வது இன்று வழக்கமாகிவிட்டது. ஆயின், ஒரு பாணியை ஆராய்தல் என்பது அதன் ஓரச் சித்திரங்களையும் எழுத்துருக்களையும் பெயர்த்தெடுப்பதா, அன்றி அவை தோன்றக் காரணமாயிருந்த தேவையை அறிந்துகொள்வதா என்பது சிந்தித்தற்குரியது. இவ்வினாவை ஆராய்வதற்கு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் இயங்கிய கெல்ம்ஸ்கொற் அச்சகத்தின் வரலாறு பெரிதும் துணைபுரிகின்றது.

கைத்தொழிற் புரட்சியின் விளைவாகப் பொருள்கள் மலிந்தன. அவற்றின் அழகோ குன்றியது. 1851ஆம் ஆண்டு இலண்டன் பளிங்கு மாளிகையில் நடைபெற்ற பொருட்காட்சியில், பல்வேறு காலத்து அலங்காரங்கள் இயந்திரப் பொருள்கள்மீது ஒட்டுவேலைபோல் இடம்பெற்றிருந்தன. நூல்களின் நிலையும் இதுவே. மெலிந்த எழுத்துக்கள், தரங்குறைந்த கடதாசி, ஒழுங்கற்ற ஓர இடைவெளி ஆகியன அக்கால அச்சின் பொது இயல்புகளாயின. இந்நிலைக்கு எதிராக எழுந்த கலை, கைவினை இயக்கத்தின் முன்னோடியே வில்லியம் மொறிஸ் (1834–1896) ஆவார்.

1888ஆம் ஆண்டு நவம்பரில் எமெரி வோக்கர் அச்சுக்கலை பற்றி ஆற்றிய விரிவுரையில், பதினைந்தாம் நூற்றாண்டு அச்செழுத்துக்கள் திரையில் பெருப்பித்துக் காட்டப்பட்டன. அதனால் தூண்டப்பெற்ற மொறிஸ், 1891இல் இலண்டனின் ஹமர்ஸ்மித் பகுதியில் தமது அச்சகத்தை நிறுவினார். அவர் கையாண்ட ஆய்வு முறையே இங்கு முக்கியமானது. 1470களில் வெனிசில் தொழில்புரிந்த நிக்கலஸ் ஜென்சனின் எழுத்துக்களை ஒளிப்படமாகப் பெருப்பித்து, அவற்றின்மேல் மீண்டும் மீண்டும் வரைந்து, அவற்றின் அமைப்பினை அவர் உள்வாங்கிக் கொண்டார். பின்னர் அம்மூலத்தை ஒருபுறம் வைத்துவிட்டுத் தாமாகவே வரைந்தார். இவ்வாறு உருவானதே ‘கோல்டன்’ எழுத்துரு. அது ஜென்சனுடையதன்று; ஆயினும் ஜென்சனைக் கற்றவரன்றிப் பிறரால் ஆக்கப்படக்கூடியதுமன்று.

தனிப்பக்கத்தையன்றி, விரித்த நூலின் இரு பக்கங்களையும் சேர்த்தே ஓர் அலகாக மொறிஸ் கருதினார். உள்ஓரம் மிகக் குறுகியது. மேலோரம் அதனினும் அகன்றது. வெளியோரம் மேலும் அகன்றது. கீழோரம் யாவற்றினும் அகன்றது. இவ்விதிகளை அவர் மத்தியகால நூல்களிலிருந்தே பெற்றார். 1896இல் வெளியான சோசரின் நூற்றொகுதி இம்முயற்சியின் சிகரமாகும். எட்வேர்ட் பேர்ண்-ஜோன்ஸ் வரைந்த 87 சித்திரங்களுடன், 556 பக்கங்களில் அமைந்த அந்நூல் கையாற் செய்த கடதாசியில் 425 படிகளும் தோலில் 13 படிகளும் அச்சிடப்பெற்றது.

எனினும், இச்சாதனையினுள் ஒரு முரண்பாடும் உண்டு. பொதுவுடைமைக் கொள்கையினரான மொறிஸ், கலை எல்லோருக்கும் உரியதென வாதிட்டவர். ஆனால் அவரது சோசர் நூலின் கடதாசிப் படியே இருபது பவுண் விலைபெற்றது. உழைப்பாளர் எவரும் அதனை வாங்கியிருக்க முடியாது. மறுபுறத்தில், வணிக எழுத்து வார்ப்பகங்கள் அவரது எழுத்துருக்களைப் போலச் செய்து விற்றன. செல்வர் நூலைப் பெற்றனர். வணிகர் அதன் தோற்றத்தைப் பெற்றனர். இரு சாராரும் பெறாதது அவரது முறையேயாகும்.

அம்முறையின் உட்பொருளை உணர்ந்தோருள் கொழும்பிலே பிறந்த ஆனந்த குமாரசுவாமி (1877–1947) ஒருவராவார். கெல்ம்ஸ்கொற் அச்சகம் 1898இல் மூடப்பட்டபின், அதன் அச்சியந்திரம் ஆஷ்பி என்பவரின் எசெக்ஸ் ஹவுஸ் அச்சகத்தைச் சேர்ந்து, பின்னர் குமாரசுவாமியின் பொறுப்பில் வந்தது. சோசரை அச்சிட்ட அதே இயந்திரத்திலேயே அவரது ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ 1908இல் 425 படிகளாக அச்சேறியது. அவர் மொறிஸின் கொடிச் சித்திரங்களை இலங்கைக்குக் கொண்டுவர முனையவில்லை. கண்டிப் பிரதேசக் கைவினைஞரின் மரவேலை, உலோகவேலை, நெசவு, மட்பாண்டம் ஆகியவற்றை அவற்றுக்குரிய சமூகப் பின்னணியில் வைத்து நோக்கினார். மொறிஸ் ஜென்சனிடம் கற்றதுபோலவே குமாரசுவாமி மொறிஸிடம் கற்றார் எனலாம்.

கைத்தொலைபேசித் திரையில் எதிரெதிர்ப் பக்கங்கள் இல்லை. ஆதலின் மொறிஸின் நான்கு ஓரங்களையும் அங்கு அவ்வாறே அமைப்பதாற் பயனில்லை. ஆனால் எழுத்தும் இடைவெளியும் வெற்றிடமும் வாசிப்போனின் கண்ணுக்காக ஒன்றிணைய வேண்டும் என்ற அவரது எண்ணம் அங்கும் பொருந்துவதே. அவர் அடைய முடியாது போன பொதுமக்களை இத்திரை எளிதில் அடைகின்றது. எனவே, பழைய பாணியொன்றை நாடும் மாணவர் முதலில் அதனைத் தம் கையால் வரைந்து கற்பதும், பின்னர் அதனை மூடிவைத்துவிட்டுத் தம் வாசகருக்காக வரைவதுமே மொறிஸின் வரலாறு காட்டும் நெறியாகும்.