தடையாணையும் தடமும்: தென்னாப்பிரிக்க இனவொதுக்கல் எதிர்ப்பில் மருத்துவர் மாண்டி நாயக்கர்

முன்னுரை

தென்னாப்பிரிக்கத் தமிழர் போராட்டம் என்றவுடன் தமிழுலகின் நினைவில் முதற்கண் எழுவது தில்லையாடி வள்ளியம்மையின் பெயராகும். சிறை சென்று, நோயுற்று வெளிவந்து, 1914 பிப்ரவரி 22ஆம் நாள் உயிர்நீத்த அவ்விளம்பெண்ணின் ஈகம் பாடநூல்களிலும் நினைவு மண்டபத்திலும் நிலைபெற்றுள்ளது. அதே ஆண்டு ஜூலையில் காந்தியடிகள் அந்நாட்டை விட்டு நீங்கினார். தமிழில் எழுதப்பட்ட வரலாறுகள் பலவும் அவருடனேயே கப்பலேறிவிடுகின்றன. 1948இல் இனவொதுக்கல் அரசின் கொள்கையாக அறிவிக்கப்பட்ட பின்னர் அங்கு வாழ்ந்த தமிழ்வழியினர் யாது செய்தனர் என்னும் வினா போதிய அளவு எழுப்பப்படவில்லை. அவ்வினாவுக்கு ஒரு விடையாக அமைந்த மருத்துவர் மாண்டி நாயக்கரின் (1910 – 1978) வாழ்வையும் இறப்பையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பின்னணியும் கல்வியும்

1860 நவம்பர் 16ஆம் நாள் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் ஒப்பந்தக் கூலிகளுடன் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை ஏறத்தாழ 1,52,000 பேர் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பகுதியினர் சென்னை வழியாகச் சென்றவர்கள். அவர்களைத் தொடர்ந்து வணிகரும் பிறரும் குடியேறினர். இவ்வாறு உருவான சமூகத்தில், 1910 செப்டம்பர் 30 அன்று டர்பனில் நாயக்கர் பிறந்தார். ககதுரா மோகம்பரி என்பது ஆவணங்களில் காணப்படும் அவரது இயற்பெயர். ஆங்கில எழுத்தில் பதிவாகிப் பதிவாகி மூல வடிவம் மங்கிய தமிழ்வழிப் பெயர்கள் அங்கு மிகுதி. ‘மாண்டி’ என்ற அழைப்புப் பெயரே மக்களிடம் நிலைத்தது.

வெள்ளையரல்லாத மாணவர்க்கு உள்நாட்டில் மருத்துவக் கல்வி வாயில் அடைபட்டிருந்த காலம் அது. எனவே அவர் ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் பயின்றார். பின்னாளில் தோழராக விளங்கிய யூசுப் தாதூவும், ‘கூலி டாக்டர்’ என்ற தன்வரலாறு எழுதிய தமிழ்ப்பெண் மருத்துவர் கூணமும் அங்கு அவர்தம் உடன்காலத்தவர். 1930களின் நடுவில் டர்பன் திரும்பி மருத்துவப் பணியைத் தொடங்கினார். நெரிசலும் வறுமையும் நோயாக உருவெடுப்பதை நாள்தோறும் கண்ட பட்டறிவே அவரை அரசியலுக்கு இட்டுச் சென்றது எனக் கருத இடமுண்டு.

தலைமை மாற்றமும் 1946 எதிர்ப்பும்

காந்தியடிகள் 1894இல் நிறுவிய நேட்டால் இந்தியக் காங்கிரசு, 1940களில் செல்வர் சிலரின் கையில் இருந்தது. இந்தியர் நிலம் வாங்குவதைக் கட்டுப்படுத்திய 1943ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு மாற்றாக, 1944இல் அவர்கள் அரசுடன் பிரிட்டோரியா உடன்பாட்டைச் செய்துகொண்டனர். உரிமையை விண்ணப்பத்தால் பெறலாம் என்ற அவ்வழியைத் தொழிற்சங்கத்தினரும் இளைஞரும் ஏற்கவில்லை. 1945 அக்டோபரில் பெருந்திரளான உறுப்பினர் கூடி நாயக்கரைத் தலைவராகத் தேர்ந்தனர். இது ஆளின் மாற்றம் மட்டுமன்று. வணிகர் அவையாக இருந்த ஓர் அமைப்பு, தோட்டத் தொழிலாளர் வழிவந்தோரின் அமைப்பாக மாறியதன் அடையாளம் எனலாம்.

1946 ஜூனில் இந்தியர்தம் நிலவுரிமையை மேலும் குறுக்கும் சட்டம் நிறைவேறியது. மக்கள் அதனைச் ‘சேரிச் சட்டம்’ என்னும் பொருள்பட அழைத்தனர். ஜூன் 13 அன்று டர்பனில் கேல் தெருவும் அம்பிலோ சாலையும் கூடும் வெற்றிடத்தில் எதிர்ப்பாளர் கூடாரமிட்டு அமர்ந்தனர். வெள்ளையர் கூட்டம் கூடாரங்களைக் கிழித்தது. அடிபட்டோர் திருப்பி அடிக்கவில்லை. ஏறத்தாழ 2,000 பேர் சிறை சென்றனர்; நாயக்கர் கடுங்காவல் தண்டனை பெற்றார். அவ்வாண்டே இந்தியா இச்சிக்கலை ஐக்கிய நாடுகள் அவைக்குக் கொண்டு சென்றதும், தென்னாப்பிரிக்காவுடன் வணிகத்தைத் துண்டித்ததும் ஈண்டு நினையத்தக்கன. 1948இல் மாகாண எல்லையைத் தடையை மீறிக் கடக்கும் இயக்கம் வோக்ஸ்ரஸ்டில் நடைபெற்றது. 1913இல் தமிழ்த் தொழிலாளர் நடந்து கடந்த அதே எல்லை அது. அவ்வியக்கத்தின்பொருட்டு நாயக்கர் மீண்டும் சிறை புகுந்தார்.

மூவர் உடன்பாடும் 1949ஆம் ஆண்டுச் சோதனையும்

1946 போராட்டம் இந்தியர்க்கென இந்தியர் நடத்தியது. அதன் எல்லையை நாயக்கர் விரைவில் உணர்ந்தார். 1947 மார்ச் 9ஆம் நாள் ஆப்பிரிக்க தேசியக் காங்கிரசின் தலைவர் மருத்துவர் சூமா, மருத்துவர் தாதூ, மருத்துவர் நாயக்கர் ஆகிய மூவரும் கூட்டறிக்கை ஒன்றில் கையொப்பமிட்டனர். வாக்குரிமை, நிலவுரிமை, தொழிலுரிமை ஆகியன அனைவர்க்கும் பொது என்பது அதன் சாரம். பின்னர் நாயக்கரும் தாதூவும் இந்தியா வந்து காந்தியடிகளைச் சந்தித்தனர். தில்லியில் நிகழ்ந்த ஆசிய உறவுகள் மாநாட்டிலும் பங்குகொண்டனர்.

தாளில் எழுதிய ஒற்றுமை தெருவில் சோதிக்கப்பட்டது. 1949 ஜனவரியில் டர்பனில் ஆப்பிரிக்கச் சிறுவன் ஒருவன் இந்தியர் கடையில் தாக்கப்பட்ட செய்தி கலவரமாக மூண்டது. 142 பேர் மாண்டனர். அவர்களுள் இந்தியர் 50, ஆப்பிரிக்கர் 87. கடைக்காரரும் வீட்டுரிமையாளருமாக இந்தியரையே நாள்தோறும் எதிர்கொண்ட ஆப்பிரிக்க ஏழையின் சினம், சட்டமியற்றியவர்மேல் பாயாமல் அண்டை வீட்டார்மேல் பாய்ந்தது. தம் மக்கள் எரிந்த வீடுகளின் முன் நின்ற அந்நிலையில், உடன்பாட்டைக் கைவிடுவது ஒரு தலைவருக்கு எளிது, கைதட்டலும் கிடைத்திருக்கும். நாயக்கர் அதனைச் செய்யவில்லை. இரு காங்கிரசுகளின் தலைவர்களும் பிப்ரவரியில் கூடி, இனங்களை அடுக்கி வைத்த அரசமைப்பே அடிப்படைக் காரணம் எனக் கூட்டாக அறிவித்தனர். 1952ஆம் ஆண்டுச் சட்டமீறல் இயக்கத்தில் டர்பனில் ஆப்பிரிக்கரும் இந்தியரும் ஒரே அணியாகச் சிறை சென்றனர். அவர்தம் வாழ்வின் மையம் இதுவே என்பது இக்கட்டுரையின் கருத்து.

கருத்து வேறுபாடு

1956 டிசம்பரில் அரசத்துரோகக் குற்றம் சாட்டப்பட்ட 156 பேருள் நாயக்கரும் ஒருவர். நீண்டு நடந்த அவ்வழக்கு 1961 மார்ச்சில் இறுதிவரை எஞ்சியோர் அனைவரும் விடுதலை பெற்றதோடு முடிந்தது. அதற்கு முந்திய ஆண்டிலேயே ஷார்ப்வில்லில் 69 பேர் சுட்டுக்கொல்லப்பட்டிருந்தனர். ஆயுதவழியே இனி வழி என்ற கருத்தை மண்டேலா முன்வைத்தபோது, அரசு இயக்கத்தையே அழித்துவிடும் என எச்சரித்து மறுத்தவருள் நாயக்கரும் இருந்தார். இம்மறுப்பை அச்சமெனக் கொள்வது பொருந்தாது. பலமுறை சிறை சென்றவர் அவர். எனினும் விடுதலை வரலாறு ஆயுதப் போராளிகளை முன்னிறுத்தி எழுதப்பட்டபோது அவர் பின்னொதுங்கிப் போனதற்கு இதுவும் ஒரு காரணமாதல் கூடும்.

தடையாணையும் இறப்பும்

1950களில் தொடங்கி நாயக்கர்மீது தடையாணைகள் அடுத்தடுத்து விதிக்கப்பட்டன. கூட்டங்களில் கலந்துகொள்ளலாகாது, குறித்த எல்லையைத் தாண்டலாகாது. 1962ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னர், தடைசெய்யப்பட்டவரின் சொல்லை அச்சிடுவதும் குற்றமாயிற்று. ஆயிரங்களின் முன் பேசியவர், நோயாளியிடம் மட்டும் பேசும் நிலைக்கு ஒடுக்கப்பட்டார். அக்கால இதழ்களில் அவர்தம் குரல் இல்லாமை கண்டு, அவர் ஒதுங்கிவிட்டார் என முடிவு கட்டுதல் ஆய்வாளர்க்கு நேரக்கூடிய பிழை. அம்மௌனம் சட்டத்தால் செய்யப்பட்டது. சான்றின்மை செயலின்மைக்குச் சான்றாகாது.

1971 அக்டோபர் 27 அன்று அகமது திமோல் என்னும் ஆசிரியர், ஜோகனஸ்பர்க் காவல் நிலையத்தின் பத்தாம் மாடியிலிருந்து விழுந்து இறந்தார். தற்கொலை என்று கூறிய 1972ஆம் ஆண்டு முடிவை 2017இல் நீதிமன்றம் மாற்றிக் கொலை எனத் தீர்ப்பளித்தது. 1977 செப்டம்பர் 12 அன்று ஸ்டீவ் பைக்கோ காவலில் மாண்டார். சரியாக நான்கு திங்கள் கழித்து, 1978 ஜனவரி 12 அன்று, தம் 67ஆம் அகவையில் நாயக்கர் டர்பனில் காலமானார். அது காவலில் நேர்ந்த இறப்பன்று, மறுவிசாரணைக்கு உரியதுமன்று. ஆயினும் ஒரு மனிதனின் பொதுவாழ்வு அவனது உடலுக்குப் பல்லாண்டுகள் முன்னரே பறிக்கப்படுதலும் ஒருவகைக் கொலையே என்பதை அவ்விறப்பு உணர்த்துகின்றது.

முடிவுரை

இந்தியர்க்குத் தனி அவை தந்து ஆப்பிரிக்கரிடமிருந்து பிரிக்க முயன்ற அரசு, 1981 நவம்பரில் அதற்குத் தேர்தல் நடத்தியது. வாக்களித்தோர் நூற்றுக்குப் பத்துப்பேர் அளவினரே. 1947இல் இடப்பட்ட கையொப்பத்தை மக்கள் மறக்கவில்லை என்பதற்கு இது தக்க சான்று. டர்பனின் பைன் தெரு பின்னர் அவர் பெயர் பெற்றது. ‘யாதும் ஊரே’ என்பதைப் பெருமையாக மொழியும் தமிழுலகம், புகுந்த ஊரின் துயரைத் தன் துயராகக் கொண்டு வாழ்ந்த இத்தகையோரை வள்ளியம்மைக்கு அடுத்த இயலாகச் சேர்த்து எழுதும்போதுதான் தென்னாப்பிரிக்கத் தமிழர் வரலாறு முழுமை பெறும்.