தென்னார்க்காட்டில் தட்டம்மை

1993-இல் தனி ஜில்லாவாகப் பிரியும் வரை தென்னார்க்காட்டைச் சேர்ந்திருந்த விழுப்புரம், திண்டிவனம் பிரதேசங்களில், குழந்தைக்குச் சுரம் கண்டு மேனியெங்கும் செந்தடிப்புகள் எழும்பினால், மணல்வாரி என்று பெரியவர்கள் அடையாளங்கண்டு, நிலைப்படியில் வேப்பிலை செருகி, தாளிப்பை நிறுத்தி, வெளியார் வரவைத் தடுத்து, மூன்று முறை தலைக்குத் தண்ணீர் வார்த்த பின்னரே மாரியம்மனுக்கு நேர்த்தி செலுத்துவது பரம்பரை வழக்கம். நோயாளியைத் தனித்து வைக்கும் விவேகம் அவ்வழக்கத்தில் அடங்கியிருந்தது மெய்யே. ஆயினும் தடிப்புத் தோன்றுவதற்கு நான்கு தினங்களுக்கு முன்பே தட்டம்மை பரவத் தொடங்கிவிடுவதால், வேப்பிலை வாசலுக்கு வருமுன்னரே வியாதி அடுத்த வீட்டுக்குச் சென்றுவிட்டிருக்கும்.

பெரியம்மையின் கோரத்தைக் கண்டு அஞ்சிய அக்காலத்தார், ஒருமுறை வந்தபின் மறுமுறை வாராத தட்டம்மையைப் பாலப்பருவத்தின் சாதாரண உபத்திரவமாகவே கருதினர். ஆனால் அது நிமோனியாவாகவும் பேதியாகவும் முற்றி, போஷணையற்ற சிசுக்களின் பிராணனையும் சிலவேளை கண்ணொளியையும் கவர்ந்து சென்றது. 1802-இல் இந்தியாவுக்கு வந்த அம்மை குத்தும் முறையும், 1899-இல் கிண்டியில் நிறுவப்பட்ட கிங் இன்ஸ்டிடியூட் தயாரித்தளித்த அம்மைப்பாலும் பெரியம்மையைப் படிப்படியாக ஒடுக்க, 1975-க்குப் பின் அந்நோய் இத்தேசத்தில் இல்லாதொழிந்தது. தட்டம்மைக்கான ஊசியோ 1985-இல்தான் அரசாங்கத்தின் பொதுத் திட்டத்தில் இடம்பெற்றது. ஊசியின்மீது ஐயம் கொள்வது கல்லாதவர்க்கே உரிய சுபாவமென்று சொல்வதற்கில்லை. ராஜாஜியே 1955-இல் காசநோய்த் தடுப்புக்கான பி.சி.ஜி. ஊசியை எதிர்த்து எழுதினார்.

எனினும், பின்னாளில் தமிழ்நாட்டில் ஊசி போடப்பெறும் குழந்தைகள் குறைந்ததற்கு ஐயம் மட்டுமே காரணமன்று. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் ஜில்லாவில் தட்டம்மை ஊசி போடப்பட்ட நான்கு சிசுக்கள் இறந்தபோது, கிராமங்களுக்கே சென்று ஊசி போட்டுவந்த ஏற்பாட்டை நிறுத்தி, டாக்டர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே போடவேண்டுமென அரசாங்கம் விதித்தது. எச்சரிக்கையில் பிறந்த அவ்விதி, கூலி வேலையை விட்டுக் குழந்தையுடன் பஸ் ஏறவேண்டிய தாய்க்குப் பெருஞ்சுமையாயிற்று. தேசிய குடும்பநல ஆய்வின்படி, 2005-06-இல் எல்லா ஊசிகளும் பெற்ற குழந்தைகள் நூற்றுக்குச் சுமார் 81 ஆக இருக்க, 2015-16-இல் அது 70 ஆகத் தாழ்ந்தது. நூற்றுக்கு 95 பேர் காப்புற்றிருந்தால்தான் தடைப்படும் தட்டம்மைக்கு, காப்பற்ற ஒரு சிறு பகுதியே பரவப் போதுமானது. நோயாளி அகன்ற பின்னும் இரண்டு மணி நேரம் வரை அறைக்காற்றில் நிற்கும் அக்கிருமி, காப்பற்ற பத்துப் பேரில் ஒன்பது பேரைப் பற்றவல்லது. கரும்பு வெட்டுக்கும் செங்கற்சூளைக்கும் குடும்பத்தோடு இடம்பெயரும் தொழிலாளரின் குழந்தைகள் ஊசி பெறாமல் எளிதாக விடுபட்டுப்போவர்.

2017 பிப்ரவரியில், ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரையிலான சுமார் 1 கோடியே 76 லட்சம் குழந்தைகளுக்குத் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட அரசாங்கம் முனைந்தபோது, வாட்ஸ்அப் வதந்திகள் பெற்றோரைக் கலக்கியமையால், தவணையை மார்ச் வரை நீட்டிக்க நேர்ந்தது. பின்னர் சிரத்தை மீண்டு, 2019-21 ஆய்வில் எல்லா ஊசிகளும் பெற்ற குழந்தைகள் நூற்றுக்கு 89 ஆக உயர்ந்தனர்.

இவ்வேற்றத்தாழ்வைக் கூர்ந்து நோக்குவார்க்கு ஒன்று புலப்படும்: தாய்மாரின் அறியாமையைக் கடிவதைவிட, ஊசியை அவர்கள் வாசலுக்குக் கொண்டுசெல்வதே பயன் தரும். ஒன்பதாம் மாதம் முடிந்ததும் ஒன்று, பதினாறு மாதத்துக்கும் இருபத்துநான்குக்கும் இடையில் மற்றொன்று என இரு ஊசிகளையும் தவறாமல் போடுவிப்பது பெற்றோர் கடமை. கிராமந்தோறும் அது கிடைக்கச் செய்வது அரசாங்கத்தின் கடமை.