நைல் நதி தீரத்திலே: கல்லறை மணிகளின் வரிசைக் கிரமம்

மரணத்துக்குப் பின்னும் மனிதன் வாழ்கிறான் என்றும், அந்த வாழ்வுக்கு இந்தச் சரீரமே ஆதாரம் என்றும் திடமாக நம்பிய எகிப்தியர், பிரேதத்தைத் துணியால் சுற்றும்போது அதன் மடிப்புகளுக்கிடையே மணிகளையும் ரட்சைகளையும் வைத்தார்கள் என்பதைச் சென்ற இதழில் கண்டோம். அவற்றை மனம்போன போக்கில் வைத்துவிடவில்லை; ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்தானம் விதிக்கப்பட்டிருந்தது. பச்சைக் கல்லில் செதுக்கிய வண்டுக்கு உரிய இடம் மார்பு. ஒசைரிஸின் சந்நிதியில் தராசில் நிறுக்கப்படும் வேளையில், இருதயம் தன் எஜமானனுக்கு விரோதமாகச் சாட்சி சொல்லாதிருக்கும்படி வேண்டும் மந்திரம், அந்த வண்டின் அடிப்புறத்தில் பொறிக்கப்பட்டது.

மணிகளுக்கான கற்கள் பல திசைகளிலிருந்து வந்தன. சூதுபவளம் நைலுக்குக் கிழக்கே உள்ள பாலைவனத்திலும், நீலப்பச்சைக் கல் ஸீனாய் மலைகளிலும் கிடைத்தன. லாபிஸ் லாசுலி என்னும் கருநீலக் கல்லோ ஆப்கானிஸ்தானத்துப் பதக்ஷான் மலையிலிருந்து கைமாறிக் கைமாறி வந்து சேர வேண்டியிருந்தது. இவற்றை வாங்க வசதியில்லாதவர்களுக்காக, பொடித்த வெண்கல்லுடன் உவர்மண்ணும் செம்புத் தாதுவும் குழைத்து மணி செய்தார்கள். அது உலரும்போது உள்ளிருக்கும் உப்பு மேலே பூத்து, சூளையில் உருகி, தானாகவே நீலப் பளபளப்பாகப் படிந்துவிடும்.

ஆனால் ஐயாயிரம் ஆண்டு மண்ணில் கிடந்த ஆபரணத்தில் முதலில் மட்கிப்போவது நூல்தான். மணிகள் விழுந்த இடத்திலேயே கிடக்கும். அவற்றைப் பொறுக்கி எடுப்பவனுக்கு அந்த வரிசையைக் காணும் சந்தர்ப்பம் ஒரே ஒரு முறைதான் வாய்க்கும்.

1911ஆம் ஆண்டில் கெய்ரோவுக்குத் தெற்கே கெர்சே என்ற ஊரின் பழைய இடுகாட்டைத் தோண்டிய வெயின்ரைட், கி.மு. 3200ஐ ஒட்டிய இரண்டு குழிகளில் துருவேறிய ஒன்பது இரும்பு மணிகளைக் கண்டார். தாதுவை உருக்கி இரும்பு எடுக்கும் வித்தையை எகிப்தியர் கற்பதற்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட காலம் அது. அம்மணிகள் விண்கல் இரும்பை மெல்லிய தகடாகத் தட்டி, குழாயாகச் சுருட்டிச் செய்தவை என்பதை 2013இல் வெளியான ஆராய்ச்சிகள் ஸ்தாபித்தன. தனியே எடுத்திருந்தால் அவை வெறும் துருக்கட்டிகளே; தங்கத்தோடும் லாபிஸ் லாசுலியோடும் சூதுபவளத்தோடும் ஒரே சரத்தில் கோத்திருந்ததை வெயின்ரைட் குறித்து வைத்ததனாலேயே, அக்காலத்தார் அந்த இரும்பை எந்த மதிப்பில் வைத்திருந்தார்கள் என்பது நமக்குத் தெரிகிறது.

இந்த நியமத்தை அவருக்கு முன்பே அநுஷ்டித்தவர் பிளிண்டர்ஸ் பீட்ரி. ஹவாராவில் ஹோருதா என்ற பிரபுவின் கல்லறையில் உவர்நீர் நிறைந்திருக்க, அந்த இருட்டிலும் நீரிலும் பெரும்பாடு பட்டுச் சடலத்தை வெளியே கொணர்ந்து, கீலும் துணியும் இறுகிய அடுக்குகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்த்து, வரிசை வரிசையாகக் கிடந்த ரட்சைகள் ஒவ்வொன்றின் ஸ்தானத்தையும் அவர் பதிவு செய்தார். அந்தப் பொறுமையை நான் வணங்குகிறேன்.

அப்படிப்பட்டவர் அபைடாஸில் கண்டெடுத்த ஒன்றுக்கு நேர்ந்த கதி நெஞ்சைச் சுடுகிறது. முதல் வம்சத்து அரசன் ஜெர் என்பவனுடைய கல்லறைச் சுவரின் பொந்து ஒன்றில், துணி சுற்றிய கரம் ஒன்று அகப்பட்டது. அதில் தங்கமும் நீலப்பச்சைக் கல்லும் செவ்வந்திக் கல்லும் கருநீலக் கல்லும் இழைத்த நான்கு கங்கணங்கள் இருந்தன. பீட்ரியும் அவர் மனைவியும் மணிகளைக் கோத்திருந்த கிரமம் பிசகாமல் மீண்டும் கோத்துக் கெய்ரோ அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவைத்தார்கள். அங்கே பொறுப்பிலிருந்த எமில் புருக்ஷ் ஒரு கங்கணத்தின் பாதியை வெட்டி நீக்கியதோடு, கரத்தையும் துணியையும் எறிந்துவிட்டதாகப் பீட்ரி தம் நினைவுகளில் எழுதியிருக்கிறார். எகிப்தியர் சடலத்தைப் பேணிய மிகப் பழைய முறைக்குச் சாட்சியாக நின்றிருக்க வேண்டிய கரம் அது! பொன்னைக் காத்துச் சாட்சியைக் கைவிட்ட இச்செயலை என்னால் மன்னிக்க இயலவில்லை.

இன்று உலகத்து அருங்காட்சியகங்களில் தொங்கும் எகிப்திய மணிச்சரங்களில் பல, வியாபாரிகள் விற்பனைக்காகப் புதிதாகக் கோத்தவை. ஆகவே, அத்தகைய சரம் ஒன்றைக் காண நேரும் வாசகர்கள், அதன் அழகில் லயிக்குமுன், எந்தக் குழியில், உடலின் எந்த இடத்தில் அது கிடைத்தது என்ற குறிப்பு பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அங்குள்ள அதிகாரிகளைக் கேளுங்கள்.