சிம்சன் பாலைவன மிதிவண்டிப் பந்தயம்

ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியில் உள்ள சிம்சன் பாலைவனத்தை மலை மிதிவண்டியில் ஐந்து நாள்களில் கடக்கும் நெடுந்தொலைவுப் போட்டி, சிம்சன் பாலைவன மிதிவண்டிப் பந்தயம் ஆகும். 1987-இல் தொடங்கியது. தெற்கு ஆஸ்திரேலிய மாநிலத்தில் பர்னி என்னும் ஆழ்துளைக் கிணற்றருகே புறப்பட்டு, குயின்ஸ்லாந்து மாநிலத்துச் சிற்றூரான பேர்ட்ஸ்வில்லில் முடிவடையும். வழித்தடம் சில ஆண்டுகளில் மாறுவதுண்டு. மொத்தத் தொலைவு ஏறத்தாழ 580 கி.மீ.; சென்னையிலிருந்து தூத்துக்குடி செல்லும் சாலைத் தொலைவு கிட்டத்தட்ட இவ்வளவுதான். ஆனால் இங்கே இடையில் ஊர் எதுவும் இல்லை.

தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிக்காட்டைப் பார்த்தவர்களுக்கு இப்பாலைவனத்தின் நிறம் புதிதாக இராது. இரண்டு இடங்களிலும் மணலின் மேல் படிந்த இரும்பு ஆக்சைடே செந்நிறம் தருகிறது. வேறுபாடு பரப்பில் உள்ளது. சிம்சனில் 1,100-க்கும் மேற்பட்ட மணல்மேடுகள், உழுத சால்களைப் போல ஒன்றுக்கொன்று இணையாக, வடமேற்கிலிருந்து தென்கிழக்காக நீள்கின்றன. மேற்கிலிருந்து கிழக்கே செல்பவர் இவற்றை ஒவ்வொன்றாக ஏறி இறங்கியே ஆகவேண்டும். மேட்டின் மேற்குச் சரிவு சாய்வானது, கிழக்குச் சரிவு செங்குத்தானது. பந்தயமும் மேற்கிலிருந்து கிழக்காகவே செல்வதால் ஏறுவது சற்று எளிது; இறங்கும்போதுதான் முன்சக்கரம் மணலில் புதைந்து ஆளைத் தூக்கி எறியும்.

இந்நிலம் ஆளற்ற நிலம் அன்று. வாங்கங்குரு என்னும் பழங்குடி மக்கள் இங்கே நெடுங்காலம் வாழ்ந்தனர். மேடுகளுக்கு இடையே கையால் தோண்டிய ஒடுக்கமான கிணறுகளே அவர்களுக்கு ஆதாரம். அவற்றை 'மிகிரி' என்றனர். எந்தக் கிணறு எங்கே உள்ளது என்று அறிந்தவரே பாலையில் நடமாட முடிந்தது. 1900-ஆம் ஆண்டையொட்டி அவர்கள் பாலைவன ஓரத்துப் பண்ணைகளுக்கும் கிறித்தவ மிஷன்களுக்கும் இடம்பெயர்ந்தனர்.

1886-இல் டேவிட் லிண்ட்சே என்ற நில அளவையர் உள்ளே சென்று பல மிகிரிகளைக் கண்டார். அவருக்கு வழிகாட்டியவர் ஒரு பழங்குடி மனிதர். 1936-இல் டெட் கோல்சன் ஒட்டகங்களுடன் பாலைவனம் முழுவதையும் கடந்து பேர்ட்ஸ்வில்லை அடைந்தார். அவருடன் சென்றவர் பீட்டர் எயின்ஸ் என்ற பழங்குடியினர். முதன்முதலில் கடந்த ஐரோப்பியர் கோல்சன் என்பது சரி. முதன்முதலில் கடந்த மனிதர் என்று எழுதுவது பிழை. அவ்வாண்டு நல்ல மழை பெய்து தீவனம் முளைத்திருந்ததும் அவருக்கு உதவியது. பாலைவனத்தின் இன்றைய பெயர் 1929-இல் வானிலிருந்து அதை ஆய்ந்த செசில் மாடிகன் சூட்டியது. ஆதரவாளரான தொழிலதிபர் ஆல்பிரட் ஆலன் சிம்சனின் பெயர் அது. அந்த மணலில் கால் வைக்காதவர் பெயரே நிலைத்துவிட்டது!

மிதிவண்டி உருளத் தடம் அமைந்தது எண்ணெய் தேடியவர்களால். 1960-களின் முற்பகுதியில் பிரெஞ்சு எண்ணெய் நிறுவனம் ஒன்று மணல்மேடுகளை வெட்டிக் கிழக்கே பாதை போட்டது. 'பிரெஞ்சுத் தடம்' என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. பர்னியில் துளையிட்டபோது கிடைத்தது எண்ணெய் அன்று, சூடான ஆர்ட்டீசியன் ஊற்றுநீர். பந்தயம் புறப்படுவது அந்தத் தண்ணீரின் அருகிலிருந்துதான்.

போட்டியில் நாளொன்றுக்குக் காலையில் சுமார் 80 கி.மீ., பிற்பகலில் சுமார் 50 கி.மீ.; கடைசி நாளில் காலைக் கட்டம் மட்டும். பின்னால் ஒரு வண்டி மணிக்கு 12 கி.மீ. சராசரி வேகத்தில் வரும். அதனிடம் பிடிபட்டவர் அந்தக் கட்டத்தில் மேலும் மிதிவண்டி ஓட்ட முடியாது, வண்டியில் ஏறிக்கொள்ள வேண்டும். தார்ச்சாலையில் இந்த வேகம் பள்ளிச் சிறுவனுக்கும் எளிது. மணலில் அப்படியன்று. மேட்டில் வண்டியைத் தள்ளி நடக்கும் ஒவ்வொரு நிமிடமும் கணக்கில் சேரும். 80 கி.மீ. கடக்க 6 மணி 40 நிமிடந்தான் உண்டு. எனவே இங்கே முதலிடத்தைவிட, ஒரு கிலோமீட்டரும் விடாமல் முழுத் தொலைவையும் கடப்பதே பலருக்கு இலக்கு.

வெற்றி தோல்வியில் டயருக்குப் பெரும் பங்குண்டு. 1949-இல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் அம்பத்தூரில் செய்த ஹெர்குலிஸ் போன்ற சாதாரண வண்டியின் டயர் ஒன்றரை அங்குல அகலம். சாலைக்கு அது போதும், தேரி மணலில் இறங்கித் தள்ளத்தான் வேண்டும். மலை மிதிவண்டியின் டயர் இரண்டு அங்குலத்துக்கும் மேல். அதிலும் காற்றைக் குறைத்தால் டயர் தட்டையாகி, எடை பரவலாக இறங்கும்; புதைவது குறையும். ஒட்டகத்தின் அகன்ற பாதம் செய்வதும் இதையேதான். 2010-களில் நான்கு அங்குல அகல டயர் கொண்ட தடித்த வண்டிகள் வந்தபின், முன்பு தள்ளிக்கொண்டு நடந்த மேடுகள் பலவற்றை மிதித்தே ஏற முடிந்தது.

இத்தனைக்கும் போட்டியாளர் தனியே செல்வதில்லை. தண்ணீர், உணவு, கூடாரம் அனைத்தும் துணை வாகனங்களில் வருகின்றன. இப்பந்தயத்தின் வழியாக அரச பறக்கும் மருத்துவர் சேவைக்கு நிதி திரட்டப்படுகிறது. 1928-இல் குயின்ஸ்லாந்தின் குளோன்கரி நகரில் ஜான் பிளின் தொடங்கிய அச்சேவையின் விமானங்கள், பேர்ட்ஸ்வில் போன்ற ஊர்களில் இறங்கி நோயாளிகளை ஏற்றிச் செல்கின்றன.