தொப்பியும் இரும்பும்: வணிகவாதம் என்பது யாது?

‘மெர்க்கன்டிலிசம்’ எனப்படும் வணிகவாதத்துக்கு வரலாற்றுப் பாடநூல்கள் பெரும்பாலும் ஒரே வரியில் விளக்கம் தருகின்றன. பொன்னையும் வெள்ளியையும் நாட்டுக்குள் குவிப்பதே அரசின் நோக்கம் என்பது அவ்விளக்கம். தேர்வுக்கு அது போதும். ஆனால் பதினைந்து வயது மாணவன் ஒருவன், “பொன் சேர்க்க விரும்பாத அரசு எது? இதில் தனிக் கொள்கை என்ன இருக்கிறது?” என்று கேட்டால், அந்த ஒரு வரி விடை தராது. அக்காலச் சட்டங்களைப் பார்த்தால்தான் விடை கிடைக்கும்.

மாறாத மொத்தம்

ஆற்றல் அழிவின்மை விதியை நாம் அறிவோம். புறத்தொடர்பில்லாத ஓர் அமைப்பில் ஒரு பகுதி ஆற்றலைப் பெற்றால், மற்றொரு பகுதி அதே அளவை இழந்திருக்க வேண்டும். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பிய அரசுகள் உலகச் செல்வத்தையும் ஏறத்தாழ இவ்வாறே கருதின. அண்டை நாட்டின் இலாபம் நம் நட்டம் என்பது அவற்றின் கணக்கு. ஆகவே ஏற்றுமதி மிகவேண்டும், இறக்குமதி குறையவேண்டும்.

இக்கணக்கில் குடியேற்ற நாடுகளுக்கு இரண்டு வேலைகள் இருந்தன. கச்சாப் பொருளைத் தாய்நாட்டுக்கு அனுப்புவது ஒன்று. செய்பொருளைத் தாய்நாட்டிடமே வாங்குவது மற்றொன்று. 1660ஆம் ஆண்டின் ஆங்கிலேயக் கப்பற் சட்டத்தின்படி, அமெரிக்கக் குடியேற்றங்களின் சரக்கை ஆங்கிலேயருக்குரிய கப்பல்களே ஏற்றலாம். மாலுமிகளில் முக்கால் பங்கினராவது ஆங்கிலேயராக இருக்கவேண்டும். சர்க்கரை, புகையிலை, பருத்தி, அவுரி முதலியவற்றை இங்கிலாந்துக்கோ அதன் பிற குடியேற்றங்களுக்கோ மட்டுமே அனுப்பலாம்.

தொப்பிக்கு ஒரு சட்டம்

பீவர் என்ற விலங்கின் மென்மயிரால் செய்த தொப்பிகளுக்கு அக்கால ஐரோப்பாவில் பெரும் கிராக்கி இருந்தது. அம்மயிர் வட அமெரிக்காவிலிருந்து வந்தது. மூலப்பொருள் அருகிலேயே கிடைத்ததால் அமெரிக்கக் குடியேற்றங்களிலும் தொப்பித் தொழில் வளர்ந்தது. இலண்டன் தொப்பித் தொழிலாளர் முறையிட்டனர். 1732இல் பாராளுமன்றம் தொப்பிச் சட்டத்தை நிறைவேற்றியது.

அச்சட்டப்படி ஒரு குடியேற்றத்தில் செய்த தொப்பியைப் பக்கத்துக் குடியேற்றத்துக்கும் விற்பனைக்கு அனுப்பக் கூடாது. ஏழாண்டு தொழில் பழகியவரே தொப்பி செய்யலாம். அவரும் ஒரே சமயத்தில் இரு பழகுநருக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. கறுப்பினத்தவரை இத்தொழிலில் அமர்த்தவும் கூடாது. எனவே அமெரிக்கக் காட்டில் கிடைத்த மயிர் அட்லாண்டிக்கைக் கடந்து, தொப்பியாகித் திரும்பி வந்தது.

1750ஆம் ஆண்டின் இரும்புச் சட்டம் இதை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. அமெரிக்கக் கச்சா இரும்புக்கு இங்கிலாந்தில் சுங்கவரி நீக்கப்பட்டது. எவ்வளவு வேண்டுமானாலும் அனுப்பலாம். ஆனால் எஃகு உலைகளையும், இரும்பைப் பிளந்து கம்பியாக்கும் ஆலைகளையும் அங்கே புதிதாக நிறுவக் கூடாது. சட்டம் தடுத்தது இரும்பை அன்று, இரும்பை எஃகாக்கும் திறனை.

இந்தியத் துணியும் இக்கணக்குக்குத் தப்பவில்லை. இந்தியா முதலிய கீழை நாடுகளில் சாயமிட்டு அச்சிட்ட பருத்தித் துணிகளை இங்கிலாந்தில் அணிவதை 1700ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. சாயமிடாத வெள்ளைத் துணி வரத் தடையில்லை. அச்சிடும் வேலை இங்கிலாந்தில் நடக்கலாம். 1721ஆம் ஆண்டுச் சட்டம் தடையை மேலும் விரிவாக்கியது.

பிழை எங்கே?

1752இல் டேவிட் ஹியூம் இக்கொள்கையின் ஒரு பிழையைக் காட்டினார். ஒன்றோடொன்று இணைந்த கலங்களில் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அதுபோல் ஒரு நாட்டில் மட்டும் பொன் குவிந்தால் அங்கே விலைவாசி ஏறும். பிற நாட்டுச் சரக்கு மலிவாகத் தோன்றும். பொன் மீண்டும் வெளியேறும்.

1776இல் ஆடம் ஸ்மித் அடிப்படையையே மறுத்தார். ஒரு நாட்டின் செல்வம் பெட்டியிலுள்ள பொன்னில் இல்லை, மக்களின் உழைப்பு விளைவிக்கும் பொருள்களில் உள்ளது என்றார். மயிர் தொப்பியாகும்போது அதன் எடை கூடுவதில்லை, மதிப்புக் கூடுகிறது. ஆற்றலின் மொத்தம் மாறாது. செல்வத்தின் மொத்தம் மனிதத் திறனால் வளரும். ஆதலால் புதிதாக ஒருவர் தொழில் கற்றுக்கொள்வது பிறருக்கு நட்டமாக வேண்டியதில்லை.

இச்சட்டங்கள் பலவற்றைக் குடியேறியவர்கள் மீறினர், கடத்தல் பெருகியது. 1776இல் பதின்மூன்று குடியேற்றங்கள் விடுதலையை அறிவித்ததற்கு வணிகக் கட்டுப்பாடுகளும் ஒரு காரணம். கப்பற் சட்டங்களின் பெரும்பகுதியை இங்கிலாந்து 1849இல் நீக்கியது.

வகுப்பில் இப்பாடம் நடத்தும் ஆசிரியர் கரும்பலகையில் இரு பட்டியல்கள் எழுதச் செய்யலாம். அனுமதிக்கப்பட்டவை: மயிர், புகையிலை, வெள்ளைத் துணி, கச்சா இரும்பு. தடுக்கப்பட்டவை: தொப்பி வணிகம், அச்சிட்ட துணி, எஃகு உலை. இரண்டையும் அருகருகே பார்த்த மாணவர்கள், பாடநூலின் அந்த ஒரு வரியைத் தாமே திருத்தி எழுதுவார்கள்.