தாழ்வாரத்தில் நிற்பவர்கள்

‘விருதா? லாபி பண்ணி வாங்கிட்டான்யா.’ நம் எழுத்தாளர் வட்டாரத்தில் அடிக்கடி காதில் விழுகிற வாக்கியம். லாபி நமக்கு ஒரு வசைச்சொல். ஆனால் அது முதலில் ஓர் இடத்தின் பெயர். மத்தியகால லத்தீனில் மடாலயத் தாழ்வாரம். பிறகு லண்டன் பார்லிமெண்டில் பொதுஜனம் உறுப்பினர்களைச் சந்திக்கிற முன்கூடம். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில், அங்கே நின்று காரியம் சாதிப்பவர்களின் பெயர். ஆக, உள்ளே இடமில்லாதவன் நிற்கிற இடம் அது. உள்ளே உட்கார்ந்திருக்கிறவனுக்கு லாபி எதுக்கு?

சென்னையின் சரித்திரம் இதைச் சொல்லும். 20ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஹைகோர்ட், பல்கலைக்கழகம், சட்டசபை எங்கும் செல்வாக்கோடு இருந்தது மயிலாப்பூர் வக்கீல்களின் குழு. 1911இல் வி. கிருஷ்ணசாமி ஐயர் கவர்னரின் நிர்வாகக் கவுன்சில் உறுப்பினரானார், 1912இல் பி.எஸ். சிவசாமி ஐயர். எழும்பூர்ப் போட்டியாளர்கள் அவர்களைக் ‘கோஷ்டி’ என்றார்கள். அவர்கள் எந்தத் தாழ்வாரத்திலும் நிற்க வேண்டியிருக்கவில்லை.

1916 செப்டம்பரில் அன்னிபெசண்ட் அடையாறிலிருந்து ஹோம்ரூல் லீகைத் தொடங்கினார். டிசம்பரில் பிட்டி தியாகராயர் பிராமணரல்லாதார் அறிக்கையை வெளியிட்டார். கார்டியூ என்ற அதிகாரி 1913இல் தந்த கணக்கை அது எடுத்துக்காட்டியது: 1892 முதல் 1904 வரை மாகாண சிவில் சர்வீஸ் போட்டித் தேர்வில் வென்ற 16 பேரில் 15 பேர் பிராமணர். கணக்கைச் சொன்னவர்களுக்குக் கிடைத்த பட்டம், வகுப்புவாதி. உள்ளே இருப்பது தகுதி, வெளியே நின்று கேட்பது வகுப்புவாதம்!

நிஜமான தாழ்வாரத்துக்கும் போனார்கள். 1918இல் லண்டன் சென்ற டி.எம். நாயருக்கு முதலில் பேசத் தடை. அது நீங்கியபின் பார்லிமெண்ட் உறுப்பினர்களிடம் வாதாடினார். 1919இல் கூட்டுக் குழுவின் முன் சாட்சியம் சொல்வதற்குள், ஜூலை 17 அன்று, லண்டனிலேயே இறந்தார். அதே குழுவின் முன் பெசண்டும் சாட்சியம் சொன்னார். 1920இல் மெஸ்டன் தீர்ப்பு பிராமணரல்லாதாருக்கு 28 இடங்களை ஒதுக்கியது. தி.நகரில் இன்று தியாகராயர் ஊரின் பெயர். நாயர் ஒரு சாலை.

கதை இங்கே முடிந்தால் வசதிதான். ஆனால் 1921 பின்னி ஆலை வேலைநிறுத்தம், புளியந்தோப்புக் கலவரம் இவற்றுக்குப்பின், 1923இல் எம்.சி. ராஜா நீதிக்கட்சியை விட்டு வெளியேறினார். தாழ்வாரத்திலிருந்து உள்ளே போனவர்கள் தலித்துகளைத் தாழ்வாரத்திலேயே விட்டுவிட்டார்கள்.

எனவே லாபியே குற்றம் என்பது பாதி உண்மை. கையெழுத்திட்டு, கணக்கோடு, ஊரறியக் கேட்பது ஒன்று; கேட்காமலே கிடைப்பது இன்னொன்று. இரண்டாவதற்கு நம்மிடம் இன்னும் ஒரு வசைச்சொல்கூட இல்லை.