மாணவப் பருவத்தில் ராணுவ அதிகாரிப் பயிற்சி

கல்லூரியில் படித்துக்கொண்டே ராணுவ அதிகாரிப் பணிக்குத் தயாராவதற்கு இந்தியாவில் உள்ள முதன்மையான வழி தேசிய மாணவர் படை. ஊரில் யாரும் அதை அப்படிச் சொல்வதில்லை. எல்லோருக்கும் அது என்.சி.சி. கல்லூரியில் பரேடும் கேம்பும், ‘சி’ சான்றிதழ், பிறகு எஸ்.எஸ்.பி. எனப்படும் ஐந்து நாள் தேர்வு, அதன்பின் சென்னை பரங்கிமலையில் 49 வாரப் பயிற்சி என்பதே இந்த வழியின் வரிசை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் உள்ள ஆர்.ஓ.டி.சி. திட்டத்தில் பட்டம் பெறும் மாணவர் பெரும்பாலும் அதோடு சேர்ந்தே அதிகாரி ஆகிவிடுகிறார். இங்கே கல்லூரிப் பயிற்சி வேறு, அதிகாரிப் பதவி வேறு. இரண்டுக்கும் நடுவே பெரும்பாலோர் தாண்ட முடியாத ஒரு தேர்வு நிற்கிறது.

சென்னையின் மேற்குப் புறநகர் மாணவர்களுக்கு இந்த வழியின் கடைசிக் கட்டம் வெகு பக்கத்தில் இருக்கிறது. பெங்களூரு நெடுஞ்சாலையில் திருமழிசையிலிருந்து கிழக்கே வந்தால் பூந்தமல்லி. அங்கிருந்து போரூர், ராமாபுரம், நந்தம்பாக்கம் வழியாகச் செல்லும் மவுண்ட்-பூந்தமல்லி சாலை பரங்கிமலையில் கொண்டுபோய் விடுகிறது. அந்த மலையடிவாரத்து ராணுவப் பகுதியில்தான் ஓ.டி.ஏ. எனப்படும் அதிகாரிகள் பயிற்சி அகாடமி இருக்கிறது.

வரலாறு

மாணவர்களுக்குச் சீருடை போட்டு அவர்களிலிருந்து அதிகாரிகளைத் தேடும் யோசனை பிரிட்டனில் 1908-ல் வடிவம் பெற்றது. போர்த்துறை அமைச்சராக இருந்த ஹால்டேன், பள்ளிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் அதிகாரிப் பயிற்சிப் படைகளை அமைத்தார். அமெரிக்காவில் 1916-ம் ஆண்டின் தேசியப் பாதுகாப்புச் சட்டம் ஆர்.ஓ.டி.சி.யை உருவாக்கியது. முதல் உலகப் போரில் ஆள் பற்றாக்குறை வந்தபோது, 1917-ல் இந்தியாவிலும் பல்கலைக்கழகப் படை தொடங்கியது. 1920-ல் அது பல்கலைக்கழகப் பயிற்சிப் படை ஆனது. 1942-ல் பல்கலைக்கழக அதிகாரிப் பயிற்சிப் படை என்று மீண்டும் பெயர் மாறியது. இரண்டாம் உலகப் போரின்போது அதிலிருந்து எதிர்பார்த்த அளவுக்கு அதிகாரிகள் கிடைக்கவில்லை.

இன்னும் நல்ல ஏற்பாடு வேண்டும் என்று 1946-ல் எச்.என்.குன்ஸ்ரு தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. அதன் பரிந்துரைப்படி 1948-ல் தேசிய மாணவர் படைச் சட்டம் நிறைவேறி, அதே ஆண்டு ஜூலையில் என்.சி.சி. பிறந்தது. முதல் இயக்குநராக இருந்த கர்னல் ஜி.ஜி.பெவூர் பின்னாளில் ராணுவத் தலைமைத் தளபதியானார். 1949-ல் மாணவியர் பிரிவும், 1950-ல் விமானப் பிரிவும், 1952-ல் கடற்படைப் பிரிவும் சேர்ந்தன. சுமார் 20,000 பேரோடு தொடங்கிய படைக்கு இன்று அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை 20 லட்சம்.

1962-ல் சீனாவுடன் நடந்த போர் இரண்டு விளைவுகளைத் தந்தது. முதலாவது, 1963-ல் என்.சி.சி. கல்லூரி மாணவர்களுக்குக் கட்டாயமானது. இரண்டாவது, அவசரமாக அதிகாரிகளை உருவாக்க புனேயிலும் சென்னையிலும் அதிகாரிகள் பயிற்சிப் பள்ளிகள் திறக்கப்பட்டன. சென்னைப் பள்ளி 1963 ஜனவரியில் தொடங்கியது. 1988-ல் அகாடமி என்று பெயர் பெற்றது.

கட்டாயம் நீடிக்கவில்லை. 1968-ல் என்.சி.சி. விருப்பத்துக்கு உரியதானது. அதே ஆண்டு ஜனவரி 23 அன்று, அண்ணா முதல்வராக இருந்தபோது, தமிழகச் சட்டமன்றம் இருமொழிக் கொள்கைத் தீர்மானத்தை நிறைவேற்றியது. என்.சி.சி. பயிற்சியில் இந்திக் கட்டளைச் சொற்கள் கூடாது என்பதும் அந்தத் தீர்மானத்தில் இடம்பெற்றது. ஆனால் கட்டளைகள் மாறவில்லை. ‘சாவ்தான்’ என்றால் விறைப்பாக நிற்பதும் ‘விஷ்ராம்’ என்றால் தளர்வதும் தமிழ்நாட்டுக் கல்லூரி மைதானங்களில் இன்றும் முதல் வாரப் பாடம்.

கல்லூரிக்குள்

பள்ளி மாணவர்கள் ஜூனியர் பிரிவில் சேர்ந்து ‘ஏ’ சான்றிதழ் பெறுவார்கள். கல்லூரி மாணவர்களுக்கு சீனியர் டிவிஷன், மாணவியருக்கு சீனியர் விங். இரண்டாம் ஆண்டு முடிவில் ‘பி’ தேர்வு, மூன்றாம் ஆண்டில் ‘சி’ தேர்வு. பரேடு வருகை 75 சதவீதம் இருக்க வேண்டும். கேம்ப் போயிருக்க வேண்டும். ‘பி’ இல்லாமல் ‘சி’ எழுத முடியாது.

கல்லூரியில் இதை நடத்துபவர் ஏ.என்.ஓ. இவர் முழுநேர ராணுவ அதிகாரி அல்லர். வணிகவியலோ இயற்பியலோ பாடம் எடுக்கும் ஆசிரியர்தான். மகாராஷ்டிரத்தின் காம்டியிலோ, பெண்ணாக இருந்தால் குவாலியரிலோ பயிற்சி முடித்து வந்து, சீருடையில் மாணவர்கள் முன் நிற்கிறார். அந்த இரண்டு நிலையங்களுக்கும் அதிகாரிகள் பயிற்சி அகாடமி என்றே பெயர் என்பதால் பரங்கிமலை அகாடமியோடு குழப்பிக்கொள்வோர் உண்டு.

டிரில், வரைபடம் படித்தல், துப்பாக்கியைக் கழற்றிப் பூட்டுதல், .22 ரைஃபிளில் சுடுதல், முதலுதவி, சமூகப் பணி ஆகியவை வழக்கமான பாடத்திட்டம். திறமை காட்டுபவர்களுக்கு டெல்லியில் நடக்கும் குடியரசு தின கேம்பும் தல் சைனிக் கேம்பும் இலக்கு. ராணுவப் பிரிவுகளோடு சில நாள் தங்கிப் பழகும் இணைப்புப் பயிற்சியும் உண்டு. மாணவியருக்கான அத்தகைய பயிற்சி பரங்கிமலையிலும் நடக்கிறது. கேடட், லான்ஸ் கார்ப்பரல், கார்ப்பரல், சார்ஜென்ட் என்று ஏறும் பதவி வரிசையின் உச்சி சீனியர் அண்டர் ஆபீசர்.

படிப்பு கெடும் என்ற பெற்றோரின் பழைய அச்சத்துக்கு இப்போது ஓரளவு பதில் கிடைத்திருக்கிறது. 2021-ல் பல்கலைக்கழக மானியக் குழு என்.சி.சி.யை விருப்பப் பாடமாக மதிப்பெண் புள்ளிகளோடு சேர்க்கலாம் என்றது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்ட விதிமுறையிலும் என்.சி.சி. மூன்று நிலைப் பாடமாக இடம்பெற்றது.

சிறப்பு நுழைவு

‘சி’ சான்றிதழின் உண்மையான மதிப்பு என்.சி.சி. சிறப்பு நுழைவுத் திட்டத்தில் தெரிகிறது. மற்றப் பட்டதாரிகள் யு.பி.எஸ்.சி. நடத்தும் சி.டி.எஸ். எழுத்துத் தேர்வைத் தாண்டித்தான் எஸ்.எஸ்.பி.க்குப் போக வேண்டும். ‘சி’ சான்றிதழில் குறைந்தது ‘பி’ கிரேடு பெற்றவர்களுக்கு அந்தத் தேர்வு கிடையாது. விண்ணப்பங்களை வடிகட்டி நேராக எஸ்.எஸ்.பி.க்கு அழைக்கிறார்கள். வயது 19 முதல் 25 வரை, திருமணமாகாதவர், பட்டத்தில் 50 சதவீத மதிப்பெண் ஆகியவை அடிப்படைத் தகுதிகள். இறுதியாண்டில் படிப்பவர்களும் அதுவரையிலான ஆண்டுகளில் 50 சதவீதம் இருந்தால் விண்ணப்பிக்கலாம். ஆண்டுக்கு இரு முறை, ஏப்ரல், அக்டோபர் வகுப்புகளுக்காக அறிவிப்பு வருகிறது. ஒவ்வொரு முறையும் நாடு முழுமைக்கும் சில பத்து இடங்கள்தான்; பெண்களுக்கு ஒற்றை இலக்கம். போரில் உயிரிழந்த அல்லது காயமுற்ற வீரர்களின் பிள்ளைகளுக்கு ஒதுக்கிய இடங்களில் ‘சி’ சான்றிதழ் கேட்பதில்லை.

எழுத்துத் தேர்வு வழியாகவே போக விரும்புபவர்களுக்கும் சி.டி.எஸ்.ஸிலேயே ஒரு சலுகை இருக்கிறது. டேராடூன் இந்திய ராணுவ அகாடமிக்கான இடங்களில் ஒரு பகுதி ‘சி’ சான்றிதழ் பெற்றவர்களுக்கு ஒதுக்கப்படுகிறது. அங்கே கிடைப்பது நிரந்தரப் பணி.

ஐந்து நாள்

ராணுவத்துக்கான எஸ்.எஸ்.பி. மையங்கள் பெங்களூரு, போபால், பிரயாக்ராஜ் உள்ளிட்ட ஊர்களில் இருக்கின்றன. முதல் நாளே பெரிய வடிகட்டல் நடக்கும். அறிவுக்கூர்மைத் தேர்வு ஒன்று. மங்கலான படம் ஒன்றை 30 நொடி காட்டி நான்கு நிமிடத்தில் கதை எழுதச் சொல்லி, பின்பு அதைக் குழுவாக விவாதிக்க வைக்கும் தேர்வு இன்னொன்று. தேறாதவர்கள் அன்றே பெட்டியோடு ஊர் திரும்ப வேண்டும்.

தங்கியவர்களுக்கு அடுத்து உளவியல் தேர்வுகள். ஒரு சொல்லுக்கு 15 நொடி என்ற கணக்கில் 60 சொற்கள். 30 நிமிடத்தில் 60 இக்கட்டான சூழல்கள். பன்னிரண்டு படங்களுக்குக் கதை, அதில் கடைசிப் படம் வெறும் வெள்ளைத்தாள். யோசித்து நடிக்க நேரம் தராமல் இருப்பதே இவற்றின் நோக்கம். மைதானத்தில் பலகை, கயிறு, பீப்பாய் கொண்டு தடைகளைக் கடக்கும் குழுப் பணிகள், தனி நேர்காணல், கடைசி நாள் எல்லா மதிப்பீட்டாளர்களும் கூடும் மாநாடு ஆகியவற்றோடு தேர்வு முடிகிறது. மூன்று நிமிடம் தயாரித்து மூன்று நிமிடம் பேசும் சிற்றுரை, தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்குப் பெரும்பாலும் கடினமான கட்டம். அதற்கு ஆங்கிலப் புலமையைவிடத் தயங்காமல் பேசும் பழக்கமே உதவுகிறது. மூன்றாண்டு கேம்ப் வாழ்க்கை அந்தப் பழக்கத்தைத் தருகிறது.

தேறாமல் போனவர்களின் பட்டியலில் பெரிய பெயர் ஒன்று உண்டு. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படித்த அப்துல் கலாம், விமானப் படை அதிகாரிப் பணிக்காக டேராடூனில் தேர்வுக் குழுவின் முன் நின்றார். 25 பேரில் ஒன்பதாவதாக வந்தார்; எடுத்துக்கொண்டது எட்டுப் பேரை. அந்த ஏமாற்றத்தைத் தன் வரலாற்று நூலில் அவரே எழுதியிருக்கிறார். பிற்காலத்தில் முப்படைகளுக்கும் தலைமை தாங்கும் குடியரசுத் தலைவரானார்.

பரங்கிமலை

எஸ்.எஸ்.பி.யும் மருத்துவப் பரிசோதனையும் தேறி, தகுதிப் பட்டியலில் பெயர் வந்தவர்கள் அகாடமிக்கு வருகிறார்கள். பயிற்சிக் காலத்தில் மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை. திருமணம் செய்துகொள்ளக் கூடாது. சொந்தக் காரணத்தால் இடையில் விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும். முடிக்கும்போது சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதுநிலைப் பட்டயமும் சேர்ந்து கிடைக்கிறது. லெப்டினன்ட்டாக வெளியே வருபவருக்குக் குறுகிய காலப் பணி: பத்தாண்டு, விரும்பினால் மேலும் நான்காண்டு. பத்தாம் ஆண்டில் நிரந்தரப் பணிக்கு விருப்பம் தெரிவிக்கலாம்.

பயிற்சி நிறைவு அணிவகுப்பு நடக்கும் மைதானத்துக்கு மேஜர் ராமசாமி பரமேஸ்வரனின் பெயர். 1972-ல் இங்கிருந்து அதிகாரியாகி மஹர் ரெஜிமென்ட்டில் சேர்ந்தவர். 1987 நவம்பர் 25 அன்று இலங்கையில் உயிரிழந்தார். நாட்டின் உயரிய போர்க்கால விருதான பரம்வீர் சக்ரா அவருக்கு அளிக்கப்பட்டது.

பெண்கள் 1992 முதல் இங்கே பயிற்சி பெறுகிறார்கள். ஸ்டெல்லா மேரிஸ் கல்லூரியில் வணிகவியல் படித்த சென்னைப் பெண் திவ்யா அஜித் குமார், 2010-ல் சிறந்த பயிற்சி அதிகாரிக்கான கௌரவ வாளை வென்றார். அகாடமியில் அதைப் பெற்ற முதல் பெண் அவர். 2015 குடியரசு தின அணிவகுப்பில் ராணுவத்தின் மகளிர் அணியை வழிநடத்தியதும் அவரே. 2020 பிப்ரவரி 17 அன்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, பெண் அதிகாரிகளுக்கும் நிரந்தரப் பணி வாய்ப்பைத் திறந்தது.

மேற்குப் புறநகர்

திருமழிசை, ஆழ்வார் பிறந்த தலமாகப் பேர்பெற்றது. அதைச் சுற்றியுள்ள வட்டாரமோ நெடுங்காலமாக ராணுவத்தோடு பழகியது. பூந்தமல்லி பிரிட்டிஷ் காலத்தில் கன்டோன்மென்ட். ஆவடியில் டேங்க் செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலை 1961-ல் அமைந்தது. சீருடை தைக்கும் படைத்துறை ஆடைத் தொழிற்சாலையும், டேங்குகளை வடிவமைக்கும் ஆராய்ச்சி நிலையமும் அங்கேயே இருக்கின்றன. ஆனால் அந்தத் தொழிற்சாலைகளில் வேலை தேடுவதற்கும் அவற்றின் டேங்கில் ஏறி ஒரு படைப்பிரிவை நடத்துவதற்கும் உள்ள இடைவெளி பெரிது. தண்டலம், பென்னலூர், பட்டாபிராம் எனச் சுற்றிலும் கல்லூரிகள் நிறைந்த இந்தப் பகுதியில் முதலாண்டு மாணவர்களின் பேச்சு பெரும்பாலும் ஐ.டி. வேலையைச் சுற்றியே நடக்கிறது.

இதே நெடுஞ்சாலையில் மேற்கே போனால், காஞ்சிபுரத்தை ஒட்டிய ஏனாத்தூர் பல்கலைக்கழகம். அங்கே பி.காம். முடித்து, தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் இதழியல் படித்தவர் முகுந்த் வரதராஜன். சி.டி.எஸ். வழியாகப் பரங்கிமலைக்கு வந்து, 2006 மார்ச்சில் ராஜ்புத் ரெஜிமென்ட்டில் லெப்டினன்ட்டானார். 2014 ஏப்ரல் 25 அன்று காஷ்மீரின் ஷோபியான் மாவட்டத்தில் நடந்த மோதலில் மேஜராக உயிரிழந்த அவருக்கு அசோக சக்ரா அளிக்கப்பட்டது. பெரிய நகரத்து ராணுவப் பள்ளியில் படித்தால்தான் அதிகாரி ஆகலாம் என்ற எண்ணம் தவறு என்பதற்கு அவருடைய படிப்பே சான்று.

தவறவிடும் இடம்

இந்த வழியில் அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் எஸ்.எஸ்.பி.க்கு வெகு முன்பே வந்துவிடுகிறது. ‘சி’ சான்றிதழுக்கு மூன்றாண்டு வேண்டும். கலை, அறிவியல் பட்டமும் மூன்றாண்டுதான். எனவே முதலாண்டில் சேராத பி.ஏ., பி.எஸ்சி., பி.காம். மாணவருக்குச் சிறப்பு நுழைவு அநேகமாக மூடிவிடுகிறது. நான்காண்டு படிக்கும் பொறியியல் மாணவருக்கு ஓராண்டு அவகாசம் உண்டு. தவிர, பொறியியல் பட்டதாரிகளுக்கு எழுத்துத் தேர்வு இல்லாத எஸ்.எஸ்.சி. டெக்னிக்கல் என்ற தனி வழியும் இருக்கிறது, அதற்கு என்.சி.சி. தேவையில்லை.

எல்லாக் கல்லூரிகளிலும் என்.சி.சி. இல்லை. ஆகவே சேர்க்கையின்போது விடுதியையும் பேருந்தையும் விசாரிக்கும் பெற்றோர், இங்கே என்.சி.சி. உண்டா, எந்தப் பிரிவு, ‘சி’ வரை போகிறதா என்பதையும் கேட்டுவிடுவது நல்லது. சிறப்பு நுழைவுக்கான அறிவிப்பு ராணுவத்தின் ஆள்சேர்ப்பு இணையதளத்தில் வெளியாகிறது. விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. இடம் வாங்கித் தருவதாகப் பணம் கேட்கும் எவரையும் நம்ப வேண்டியதில்லை.